காசுக்குத் தகுமா? – ஒரு கடற்கொள்ளை விளையாட்டை முன்வைத்து

“சித்தி, இதுக்குப் போட்ட காசு தண்டம்” என்று சொல்லி அக்கா மகன் கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். அவன் சொன்னது ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ என்கிற வீடியோ கேமைப் பற்றி. யூபிசாஃப்ட் என்கிற பிரெஞ்சு நிறுவனம் தன் சிங்கப்பூர்க் கூடத்தில் தயாரித்து 2024 பிப்ரவரி 16 அன்று வெளியிட்டது. விலை 70 டாலர். ஒரு டாலர் 83 ரூபாய் என்றிருந்த அன்றைய கணக்கில் 5,800 ரூபாய். அவன் அந்த விலைக்கு வாங்கவில்லை, பிறகு தள்ளுபடியில் வாங்கினான். அப்படியும் தண்டம் என்றான். அவன் கீழே வைத்ததை நான் எடுத்தேன். விட்டுவிட்டு ஒரு மாதம், ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஆடினேன். அவன் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அவன் சொன்ன காரணம் சரியல்ல. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தமிழில் வெகுசனப் பண்பாடு பற்றிய பேச்சு சினிமாவோடு நின்றுவிடுகிறது. வீடியோ கேமை ‘பசங்க சமாச்சாரம்’ என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கிற அதே நேரத்தில், நம் வீடுகளில் பாதி இரவை அதுதான் தின்றுகொண்டிருக்கிறது. எனவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘காசுக்குத் தகுமா’ என்று புடவைக் கடையில் கேட்கிறோம், மீன் சந்தையில் கேட்கிறோம். கவிதைத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. கேட்டாலும் வெளியே சொல்வதில்லை. கலை விலைக்கு அப்பாற்பட்டது என்கிற பாவனை நமக்குப் பழகிவிட்டது. வீடியோ கேம் உலகத்தில் அந்தப் பாவனை கிடையாது. அங்கே மதிப்புரை என்பதே பெரும்பாலும் வாங்கலாமா, வேண்டாமா என்கிற தீர்ப்புத்தான். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பண்டத்தைப் பண்டமென்றே பார்க்கிற அந்தப் பச்சைத்தனத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், அந்தத் தராசில் என்ன படிக்கல்லைப் போட்டு நிறுக்கிறார்கள் என்பதில்.

விற்பவரின் படிக்கல் முதலில். விளையாட்டு வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பு, முதலீட்டாளர்களோடு நடந்த தொலைபேசி உரையாடலில் யூபிசாஃப்டின் தலைவர் ஈவ் கீய்மோவிடம் ஒரு கேள்வி வந்தது. இது வெளியான பிறகும் உள்ளே கடை போட்டு, பருவத்துக்குப் பருவம் காசு பார்க்கப் போகிற வகை விளையாட்டு. இந்த வகையைப் பலர் இலவசமாகவே கொடுக்கிறார்கள். நீங்கள் ஏன் முழு விலை வைக்கிறீர்கள்? அவர் சொன்ன பதிலின் சாரம்: இது மிகப் பெரிய விளையாட்டு, மூன்று ‘ஏ’ அல்ல, நான்கு ‘ஏ’ விளையாட்டு. இந்த ‘ஏ’ கணக்கு என்னவென்றால், பெரும் பணம் போட்டுப் பெரும் கூட்டத்தை வைத்துச் செய்கிற விளையாட்டுகளை அந்தத் தொழிலில் ‘டிரிபிள் ஏ’ என்பார்கள். கடன் பத்திரங்களுக்குத் தருகிற தர எழுத்துப் போல இருக்கும். ஆனால் அதைத் தருவதற்கென்று யாரும் கிடையாது, தயாரிப்பவரே தனக்குப் போட்டுக்கொள்வது. நான்காவது ‘ஏ’யை அவர் அன்றைக்குத் தன் கையால் போட்டுக்கொண்டார்.

அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது செலவுக் கணக்கு. 2013-இல் இதே நிறுவனம் ‘அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்’ என்று கரீபியக் கடற்கொள்ளையர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. அதன் கப்பல் சண்டை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதன் ஒட்டாகத் தொடங்கியதுதான் ஸ்கல் அண்ட் போன்ஸ். 2017-இல் அறிவித்தார்கள். 2018-இல் வரும் என்றார்கள், வரவில்லை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, நடுவில் கலைத்துத் திரும்பக் கட்டி, 2024-இல் கரை சேர்ந்தது. செலவு 12 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்றும், சிங்கப்பூர் அரசாங்கத்தின் மானிய ஒப்பந்தம் இருப்பதால் கைவிடவும் முடியாமல் தவிக்கிறார்கள் என்றும் 2021-இலேயே கொட்டாகு இதழ் செய்தி வெளியிட்டது. ஆக, ‘இவ்வளவு பேர், இவ்வளவு வருடம் உழைத்தோம், எனவே இவ்வளவு பெறும்’ என்பதுதான் அந்த நான்கு எழுத்தின் பொருள்.

‘மூலதனம்’ முதல் தொகுதியின் (1867) தொடக்கப் பக்கங்களிலேயே மார்க்ஸ் இந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறார். சரக்கின் மதிப்பை அதில் இறங்கிய உழைப்பு தீர்மானிக்கிறது என்றால், சோம்பேறி நெய்த துணிக்குத்தானே அதிக மதிப்பு? இல்லை. கணக்கில் வருவது ஒருவர் உண்மையில் செலவிட்ட நேரம் அல்ல. அந்தக் காலத்துச் சமூகத்தில் சராசரித் திறனோடு அதைச் செய்து முடிக்கத் தேவைப்படும் நேரம். இங்கிலாந்தில் விசைத்தறி வந்த பிறகும் கைத்தறிக்காரர் பழைய மணிக்கணக்கில்தான் நெய்தார். அவருடைய ஒரு மணி நேரம் அரை மணி நேரத்துக்குத்தான் பெற்றது. நிர்வாகம் தடுமாறிய பத்து வருடத்தை விலையில் ஏற்றி வாங்குபவர் தலையில் கட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. அந்தத் தடுமாற்றத்தில் இரவும் பகலும் வரைந்தும் எழுதியும் அழித்தும் திரும்ப எழுதியும் கிடந்தவர்களின் உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு மாதச் சம்பளம்தான், 70 டாலரில் பங்கு இல்லை.

நகலெடுக்கச் செலவே இல்லாத டிஜிட்டல் பண்டத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று நண்பர்கள் சண்டைக்கு வரக்கூடும். பொருந்தாதுதான். முதல் பிரதிக்குத்தான் பத்து வருடம். இரண்டாவது பிரதிக்கு உழைப்பே இல்லை. அப்படியென்றால் அந்த விலைக்குப் பெயர் மதிப்பு அல்ல, வாடகை. இதற்குப் பிறகு வருகிறேன்.

வாங்குபவரின் படிக்கல் வேறு மாதிரி. அவர் மணிக்கணக்குப் பார்க்கிறார். 200 ரூபாய் டிக்கெட்டில் மூன்று மணி நேர சினிமா, அதாவது மணிக்கு 66 ரூபாய்ச் சொச்சம். 5,800 ரூபாய் விளையாட்டு நூறு மணி நேரம் ஓடினால் மணிக்கு 58 ரூபாய். ஆக சினிமாவைவிட மலிவு! கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அக்கா மகனும் இந்தக் கணக்கில்தான் பேசினான்: “இருபது மணி நேரத்துல கதை முடிஞ்சிருது சித்தி, அப்புறம் ஒண்ணுமே இல்ல.” குறைவாகக் கிடைத்தது என்பது அவன் புகார். என் புகார் நேர் எதிரானது. அந்த நூறு மணி நேரத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே, அது என்ன என்று யாரும் கேட்பதில்லை. நிரப்புவதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் அதை ‘கிரைண்ட்’ என்கிறார்கள். அரைத்த மாவையே அரைப்பது. நம்மூரில் கிரைண்டர் என்றாலே மாவுதான் என்பதால் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

*

ஒரு வீடியோ கேமைப் பிரதியாக வாசிப்பது எப்படி? கதையைச் சொல்லி, பாத்திரங்களைச் சொல்லி, பின்னணி ஓவியம் நன்றாக இருக்கிறது என்று முடிப்பது நாவல் விமர்சனத்தின் பழைய பழக்கம். இங்கே அது போதாது. வீடியோ கேமில் கதை ஒன்று சொல்லும். விதிகள் நம் கையை வேறொன்று செய்யவைக்கும். அர்த்தம் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. இயன் போகோஸ்ட் என்கிற ஆய்வாளர் 2007-இல் எழுதிய புத்தகத்தில் இதைச் செயல்முறையின் சொல்லணி என்கிற பொருளில் விளக்கினார். எதைச் செய்தால் பரிசு, எதைச் செய்தால் தண்டனை, எதைச் செய்யவே முடியாது என்கிற ஏற்பாடே ஒரு வாதம் என்பது அவர் கருத்து. கதையாடலும் விதியும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் பிரதி வாயைத் திறக்கிறது.

ஸ்கல் அண்ட் போன்ஸின் கதை இந்துமாக்கடலில், 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நடக்கிறது. தொடக்கத்தில் ஆங்கிலக் கப்பற்படை நம் கப்பலை உடைத்துவிடுகிறது. சிதிலத்தில் கண் விழிக்கிறோம். ஒரு சின்ன தோவ் படகு, இரண்டொரு ஆட்கள். சென்ட் ஆன் என்கிற கொள்ளையர் துறையில் ஸ்கர்லாக் என்கிற தலைவனிடம் வேலைக்குச் சேர்கிறோம். பிரெஞ்சுக்காரர்களின் ‘கொம்பனி ரோயால்’, டச்சுக்காரர்களின் ‘டச்சு வணிகக் கம்பெனி’ – இவை எதிரிகள். கிழக்கே தெலோக் பெஞ்சாரா துறையில் ரஹ்மா என்கிற பெண் கடற்தலைவி டச்சுக் கம்பெனியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறாள். 1602-இல் தொடங்கிய உண்மையான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிழல்தான் இது. 1621-இல் ஜாதிக்காய்க்காக பாண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமைகளாக்கியும் துடைத்தெறிந்த அதே கம்பெனி. ஐரோப்பிய நிறுவனம் ஒன்று காலனியக் கம்பெனியை வில்லனாக வைத்துக் கதை சொல்கிறதே என்று முதல் இரண்டு இரவு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சொல்லப்போனால் அந்த முதல் எட்டு மணி நேரம் அழகானது. அதை மறைக்க மாட்டேன். பாய் நிறைவதும், அலை உயர்ந்து முன்னால் நிற்பதும், மழை வருவதற்கு முன் கடல் நிறம் மாறுவதும், மாலுமிகள் பாட்டெடுப்பதும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். படகுகளின் பெயர்களே ஒரு கடலைச் சொல்லும்: தோவ், அரபிக் கரையின் சம்பூக், சுலவேசித் தீவுக்காரர்களின் படேவாக்காங். ஆங்கிலத்துக்குக் கட்டுமரம் என்ற சொல்லைக் கொடுத்த கரைக்காரியான எனக்கு இந்தப் பெயர்களைத் திரையில் பார்ப்பதில் ஒரு கிளர்ச்சி இருந்தது.

இனி கை செய்கிற வேலை. கப்பல் கட்ட மரம் வேண்டும். கரையோரமாகக் கப்பலை நிறுத்தினால் திரையில் ஒரு கோடு வரும். ஊசி சரியான இடத்துக்கு வரும்போது பொத்தானை அமுக்க வேண்டும். மரம் கிடைக்கும். திரும்ப அமுக்க வேண்டும். எதிரிக் கப்பலை அடித்துச் சாய்த்த பிறகு அதில் ஏறிக் குதிக்க வேண்டும் இல்லையா? கொக்கியை வீசியதும் ஒரு சின்னக் காட்சி ஓடி முடிந்துவிடும். சரக்குப் பட்டியல் வரும். பத்து வருடம் முந்தைய பிளாக் ஃபிளாக்கில் கயிற்றைப் பிடித்து எதிரியின் தளத்தில் குதித்து வாளோடு வாள் மோதலாம். இங்கே, வெளியான வடிவத்தில், வாளே கிடையாது. கரையில் இறங்கினால் வியாபாரம் மட்டும். நீந்தக்கூட முடியாது. பெரும்பாலான ஆட்டக்காரர்களின் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. சாகசம் என்று எழுதி ஒட்டிய பெட்டியைத் திறந்தால் உள்ளே சரக்குப் பட்டியல்.

கதை முடிந்த பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். ‘ஹெல்ம்’ என்றொரு ஏற்பாடு திறக்கிறது. கரும்பைக் கொண்டுவந்து ரம் காய்ச்சலாம், கசகசாச் செடியைக் கொண்டுவந்து அபினி செய்யலாம். கொண்டுபோய்க் கொடுத்தால் ‘பீசஸ் ஆஃப் எய்ட்’ கிடைக்கும். ஸ்பானிஷ்காரர்களின் எட்டு ரியால் வெள்ளிக் காசு இது. அந்தக் காசைப் பெருக்க, கடலோரங்களில் உள்ள பட்டறைகளைக் கைப்பற்ற வேண்டும். கைப்பற்றுகிற போட்டிகளில் ஒன்றின் பெயர் ‘ஹாஸ்டைல் டேக்ஓவர்’. பங்குச் சந்தைச் சொல் அது. நிர்வாகம் வேண்டாம் என்று மறுக்க மறுக்க ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வளைத்துப்போடுவதற்குப் பெயர். கைப்பற்றிய பட்டறை மணிக்கு இவ்வளவு என்று காசு சுரக்கும். சுரந்த காசை நாமே கப்பலேறிப் போய் ஒவ்வொரு துறையாக வாங்கி வர வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் நான் இதைத்தான் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், “சித்தி, நீ தண்டல் வாங்கற ஆளு மாதிரி இருக்க” என்றான். சிரித்தோம். ஆனால் அவன் சொன்னது விமர்சனம்.

கம்பெனியை எதிர்க்கப் புறப்பட்ட கதை, ஆட்டக்காரரைக் கம்பெனியாக்கிவிட்டு முடிகிறது. கதையாடல் கொள்ளையர் பக்கம், விதிகள் கொம்பனி ரோயால் பக்கம். கப்பலில் இருக்கும் ஆட்கள் பாட்டுப் பாடுவார்கள், பீரங்கிக்கு ஓடுவார்கள். நாம் சாப்பாடு கொடுத்தால் துடுப்பு வேகமாகும். என்ன செய்தாலும் அவர்கள் பங்கு கேட்பதில்லை, எதிர்த்து நிற்பதில்லை. கலகத்தைப் பற்றிய விளையாட்டில் கலகம் மட்டும் செய்ய முடியாது.

வரலாற்றுக் கொள்ளையர் அப்படியில்லை. 1724-இல் லண்டனில் வெளியான, கேப்டன் சார்ல்ஸ் ஜான்சன் என்ற பெயரில் வந்த கடற்கொள்ளையர் வரலாறு, பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் எழுதிவைத்த ஒப்பந்த விதிகளைத் தருகிறது. முக்கியமான முடிவுகளில் ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு. கொள்ளைப் பொருளில் தலைவனுக்கும் குவார்ட்டர் மாஸ்டருக்கும் ஆளுக்கு இரண்டு பங்கு. அவர்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றரை, ஒன்றேகால். அதற்குமேல் இடைவெளி இல்லை. வணிகக் கப்பல் தலைவனின் சம்பளத்தையும் சாதாரண மாலுமியின் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மீறல் என்று புரியும். இன்னொரு விதி: வேலையில் கை காலை இழந்தவனுக்குப் பொதுப் பணத்திலிருந்து 800 எட்டுரியால் காசு தர வேண்டும். கொள்ளையர் கப்பல் என்பது கூலிக்காரர்கள் கப்பலையே திருப்பிக்கொண்டுபோய் நிறுத்திய இடம் என்று மார்க்கஸ் ரெடிகர் தொடர்ந்து எழுதி வந்திருப்பதற்கு ஆதாரம் இப்படிப்பட்ட விதிகள்தான்.

அதே காசு. அந்த ஒப்பந்தத்தில் அது வெட்டுப்பட்ட கையின் விலை. கூட இருந்தவர்கள் சேர்ந்து கொடுத்தது. இந்த விளையாட்டில் அது பட்டறை ஆதாயம், ஆட்டக்காரர் தனியாகச் சேர்ப்பது. ஒரு குறிப்பானிலிருந்து அதன் வரலாற்றை உரித்துவிட்டு ஓசையை மட்டும் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இங்கே நானும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கொள்ளையனைப் புனிதப்படுத்துவது இடதுசாரி எழுத்தில் பழைய சபலம். நம் தென்மாவட்டக் கதைப்பாடல்களின் செம்புலிங்கம் வரை அதற்கு வேர் இருக்கிறது. 1695-இல் ஹென்றி எவ்ரி என்கிற ஆங்கிலக் கொள்ளையன் சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலைப் பிடித்தான். ஹஜ் யாத்திரை முடித்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள். கப்பலில் இருந்த பெண்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லாமல் அந்தக் கொள்ளையைச் சாகசமாகச் சொல்கிற புத்தகங்கள் ஏராளம். எவ்ரி தலைக்கு ஆங்கில அரசு 500 பவுன் விலை வைத்தது, கிழக்கிந்தியக் கம்பெனி அதை 1,000 ஆக்கியது. கம்பெனிக்கு அந்தப் பெண்களைப் பற்றிக் கவலை இல்லை. சூரத்தில் முகலாயர்கள் சிறை வைத்துவிட்ட தன் ஆட்களையும் நின்றுபோன வியாபாரத்தையும் பற்றித்தான். ஓட்டுப் போட்டுத் தலைவனைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் இந்தக் கொடுமையையும் செய்தார்கள். இந்த இரண்டையும் ஒரே கப்பலில் வைத்துப் பார்க்கிற தைரியம் இருந்திருந்தால் அது விலை பெறும் விளையாட்டாக இருந்திருக்கும். இதில் இரண்டுமே இல்லை, சமத்துவமும் இல்லை, குரூரமும் இல்லை. நான் ஆடிய நேரத்தில் அடிமைகளை ஏற்றிய கப்பல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அந்தக் கடலில், அந்த நூற்றாண்டில்!

கரும்பு யார் வெட்டியது என்ற கேள்வியே எழாமல் ரம் தயாராகிவிடுகிறது. அந்தத் தீவுகளின் கரும்பு, அடிமைகள் வெட்டிய கரும்பு. 1834-க்குப் பிறகு மொரீஷியஸில் அதை வெட்டப் போனவர்களில் நம் கூலிகளும் உண்டு.

வரைபடத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியானபோது இருந்த வரைபடத்தில் மேற்கே மடகாஸ்கரை நினைவூட்டும் சிவப்புத் தீவு, ஆப்பிரிக்கக் கரை. கிழக்கே கிழக்கிந்தியத் தீவுகள். நடுவே ‘திறந்த கடல்’. இந்தியா இல்லை, இலங்கை இல்லை. ‘நம்மளை விட்டுட்டான்’ என்கிற ஊர்ப்பற்றில் இதைச் சொல்லவில்லை. டச்சுக் கம்பெனி கிழக்கே மிளகும் கிராம்பும் வாங்கியது பெரும்பாலும் சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்து. அதற்காகத்தான் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அதே பழவேற்காட்டிலிருந்து பஞ்ச காலங்களில் மனிதர்களையும் விலைக்கு வாங்கி பட்டேவியாவுக்கு ஏற்றினார்கள். நெசவாளர் இல்லாமல், விற்கப்பட்டவர் இல்லாமல் இந்துமாக்கடல் வணிகத்தைக் காட்டினால் மிஞ்சுவது கப்பலும் சரக்கும் காசும்தான். உற்பத்தி செய்கிற கை தெரியாது. பண்டமே தன்னால் கடலில் மிதந்து வருவது போல இருக்கும். மார்க்ஸ் இதற்கு வைத்த பெயர் நமக்கெல்லாம் தெரியும்.

*

விளையாட்டு என்றால் என்ன? ரோஜே கய்வா 1958-இல் எழுதிய புத்தகத்தில் விளையாட்டின் இலக்கணங்களில் ஒன்றாகச் சொன்னது, அது எதையும் உற்பத்தி செய்யாது என்பது. சூதாட்டத்தில்கூடச் சொத்து கைமாறுமே தவிரப் புதிதாக எதுவும் விளையாது. வீணடிப்பதுதான் அதன் அழகு. அடோர்னோவும் ஹார்க்ஹைமரும் 1940களிலேயே வேறு பக்கத்திலிருந்து எச்சரித்தார்கள்: பிந்தைய முதலாளியத்தில் பொழுதுபோக்கு என்பது வேலையின் நீட்சி, வேலையிலிருந்து தப்பிக்க வருகிறவரிடமும் வேலையின் தாளத்தையே கொடுத்து அனுப்பும். 2005-இல் யூலியான் குயூக்லிஷ், விளையாட்டுகளைத் திருத்தியமைத்துத் தரும் ரசிகர்களின் கூலியில்லா வேலையைக் குறிக்க ஆட்டத்தையும் உழைப்பையும் ஒட்டிப் புதுச் சொல்லே செய்தார்.

ஸ்கல் அண்ட் போன்ஸில் நடப்பது இதற்கும் ஒரு படி மேலே. இங்கே உழைப்பவர்தான் காசு கொடுக்கிறார். ஏன் அப்படி அமைக்கிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. கதை முடிந்து ஆட்டக்காரர் எழுந்துபோய்விட்டால் உள்ளே இருக்கிற கடையில் பாய்க்கும் கொடிக்கும் அலங்காரம் வாங்க ஆள் இருக்காது. நாளைக்கும் வர வேண்டும், நாளை மறுநாளும் வர வேண்டும். அதற்குப் பட்டறையில் காசு சுரந்துகொண்டே இருக்க வேண்டும். கிரைண்ட் என்பது வடிவமைப்பின் சோம்பல் அல்ல, வருமானத்தின் தேவை. மணிக்கணக்குப் பார்த்து ‘இன்னும் நீளமா இருந்திருக்கலாம்’ என்கிற வாங்குபவரின் கோரிக்கையும் விற்பவரின் தேவையும் இந்த இடத்தில் கைகுலுக்கிக்கொள்கின்றன. அதனால்தான் அக்கா மகனின் காரணம் தவறு என்றேன். இருபது மணி நேரக் கதை போதாது என்கிற புகாருக்குப் பதிலாகத்தான் அந்தப் பட்டறைகள் வந்திருக்கின்றன.

வாடகை என்று முன்பு சொன்னதற்கு வருகிறேன். இந்த விளையாட்டை இணைய இணைப்பு இல்லாமல் ஆட முடியாது. தனியாக ஆடினாலும் அவர்கள் செர்வர் உயிரோடு இருக்க வேண்டும். ஸ்கல் அண்ட் போன்ஸ் வெளியாகி ஆறு வாரம் கழித்து, 2024 மார்ச் 31 அன்று, இதே நிறுவனம் 2014-இல் விற்ற ‘தி குரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் செர்வரை அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் இருந்தது அன்றோடு ஆட முடியாத பொருளாகிவிட்டது. அதையொட்டித்தான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் தொடங்கியது. 2025-இல் ஐரோப்பாவில் அதன் மனுவில் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2024-இல் ஒரு சட்டம் வந்தது: இப்படிப்பட்ட டிஜிட்டல் பண்டத்தை விற்கும்போது, கிடைப்பது உரிமம்தான், உடைமை அல்ல என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சட்டம் போட்டுச் சொல்லவைக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கி, படித்து, இரவல் கொடுத்து, திரும்பி வராமல் போன புத்தகங்களால் உருவானவர்கள் நாம். நான்கு பேர் கை மாறிய ஒரு பிரதி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். கை மாற முடியாத பிரதிக்கு 70 டாலர்.

அப்படியானால் எத்தனை பெறும்? நழுவாமல் சொல்கிறேன். வெளியானபோது எட்டு மணி நேரம் இலவசமாக ஆட விட்டார்கள். அந்த எட்டு மணி நேரத்தில் இந்த விளையாட்டின் நல்லது எல்லாம் அடங்கிவிடுகிறது: சின்னப் படகு, பெரிய கடல், பாட்டு. அதற்கு மேல் இருப்பதற்கு 70 டாலர் கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள், மூன்று நாள் முன்னதாக ஆட 100 டாலர் கொடுத்தவர்கள் இன்னும் கொஞ்சம் ஏமாந்தார்கள். கால் விலையில் கிடைத்தால், முதல் அத்தியாயத்தை ஆடிவிட்டு ஹெல்ம் திறக்கிற இடத்தில் நிறுத்திவிட முடிகிறவர்கள் வாங்கலாம். பிளாக் ஃபிளாக்கை ஆடாதவர்கள் அதைத்தான் முதலில் ஆட வேண்டும். அதிலும் அரசியல் அப்படியொன்றும் புரட்சியில்லை. ஆனால் கயிற்றைப் பிடித்துத் தாவுகிற அந்த ஒரு கணத்தில் கை செய்வதும் கதை சொல்வதும் ஒன்றாக இருக்கும்.

60 டாலராக இருந்த விலை 2020 வாக்கில் 70 ஆயிற்று. 2025-இல் நின்டெண்டோ ஒரு மாரியோ விளையாட்டுக்கு 80 வைத்தது. ஏறுகிற ஒவ்வொரு பத்து டாலருக்கும் ‘செலவு கூடிவிட்டது’ என்பார்கள். ஆட்டக்காரர்கள் ‘அப்படியானால் இன்னும் இருபது மணி நேரம் சேர்த்துக் கொடு’ என்று கேட்பார்கள். கொடுப்பார்கள்.

எழுதி முடித்ததை அக்கா மகனுக்குப் படித்துக் காட்டினேன். “எல்லாம் சரி சித்தி, இதைத் திருப்பி விக்க முடியுமா?” என்று கேட்டான். டவுன்லோடில் வாங்கியது, முடியாது என்றேன். வேறொரு விளையாட்டுக்கு இடம் வேண்டும் என்று இதை ஹார்ட் டிஸ்கிலிருந்து போன வாரமே நீக்கிவிட்டிருந்தான். நான் கடைசியாகப் பிடித்த மூன்று பட்டறைகளின் காசை வாங்கி வர இனி யாரும் போகப் போவதில்லை.